நெய் காறாம இருக்க முருங்கை இலை: வீட்டுலயே பண்ணக்கூடிய ஆன்டிஆக்ஸிடன்ட்

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க. ஆன்டிஆக்ஸிடன்ட் 319ன்னு இருந்தா அது டிபிஎச்க்யூ, 320ன்னா பிஎச்ஏ, 321ன்னா பிஎச்டி, மூணுமே எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம இருக்க ஃபேக்டரியில தயாரிச்சு சேர்க்குறது. 392ன்னு போட்டிருந்தா அது ரோஸ்மேரி இலையில இருந்து எடுத்த சாறு, ஐரோப்பாவுல 2010லயே அனுமதி கொடுத்துட்டாங்க. நம்ம வீடுகள்ல வெண்ணெய் உருக்குறப்போ ஒரு கொத்து முருங்கை இலையைப் போடுறாங்கல்ல, வாசனைக்குன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அந்த இலையும் இதே வேலையைப் பண்ணுது.

நெய் ஏன் காறுது? கொழுப்பு காத்துல இருக்குற ஆக்ஸிஜனோட சேரும்போது ஃப்ரீ ராடிக்கல்ங்குற நிலையில்லாத துகள் உருவாகும், அது பக்கத்துல இருக்குற கொழுப்பைக் கெடுக்கும், அது இன்னொண்ணைக் கெடுக்கும், இப்படியே சங்கிலியா போகும். முருங்கை இலையில இருக்குற க்வெர்செட்டின், க்ளோரோஜெனிக் ஆசிட் மாதிரி பாலிஃபீனால்கள் தன்கிட்ட இருக்குற ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். அதனால ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே இலை உள்ள போகணும். ஏற்கனவே காறின நெய்யில எவ்வளவு இலை போட்டாலும் அது திரும்பி வராது.

முதல் வேலை இலையைக் காயவைக்கிறது. இளசும் இல்லாம முத்தலும் இல்லாம நல்ல பச்சையா ரெண்டு ஈர்க்கு எடுத்து கழுவி, சுத்தமான துணியில பரப்பி ராத்திரி முழுக்க ஃபேன் காத்துல விடுங்க, வெயில்ல போடாதீங்க, நிழல்தான் நல்லது. ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஒரு சின்னக் கைப்பிடி இலை போதும். நிறைய போட்டா நெய் கசக்கும், பச்சையும் இறங்கிடும்.

அடுத்து அடி கனமான ஸ்டீல் பாத்திரத்துல வெண்ணெயை மிதமான தீயில வைங்க. ஈயம் பூசாத செம்பு, பித்தளை வேண்டாம், செம்பு கொஞ்சமே கலந்தாலும் காறல் சீக்கிரம் வந்துடும். கடை வெண்ணெயில 16 சதவீதம் வரைக்கும் தண்ணி இருக்கும், வீட்டு வெண்ணெயில இன்னும் கூட இருக்கும், அது கொதிச்சு வெளியேறும்போதுதான் சடசடன்னு சத்தம் வரும். அந்தச் சத்தம் குறைஞ்சு, மேல நுரை மெலிசாகி, அடியில மண்டி லேசா பொன்னிறமாகும்போது இலையைப் போடுங்க, முன்னாடியே போட்டா ரொம்ப நேரம் வெந்து கருகிப்போகும். போட்டதும் மறுபடி பொரியும், தள்ளி நில்லுங்க. இலை மொறுமொறுன்னு ஆகி சத்தம் சுத்தமா நின்னதும் அடுப்பை அணைச்சிடணும். இந்த நிமிஷத்துலதான் முழுக் கவனமும் இருக்கணும், ஏன்னா இலையில ஈரம் மிச்சம் இருந்தா நெய் வேற வழியில கெட்டுப்போகும்.

ஆறினதும் காஞ்ச துணியில வடிகட்டுங்க. பொரிஞ்ச இலையையும் மண்டியையும் தூக்கிப் போடாதீங்க, சுடுசாதத்துல உப்பு போட்டுப் பிசைஞ்சா அவ்வளவு ருசி!

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு, இலையோட பச்சை, அதாவது குளோரோபில், வெளிச்சம் பட்டா எதிர் வேலை பண்ணும், நெய்யை இன்னும் சீக்கிரம் காற வைக்கும். அதனால கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, மூடி இறுக்கமான ஸ்டீல் டப்பாதான் சரி. எடுக்குற ஸ்பூன்ல ஈரம் இருக்கவே கூடாது.

நம்பிக்கை வரலைன்னா ஒரே வெண்ணெயை ரெண்டா பிரிச்சு, ஒண்ணுல இலை போட்டு ஒண்ணுல போடாம காய்ச்சி, ஒரே மாதிரி ரெண்டு டப்பாவுல ஒரே அலமாரியில வைங்க. வாரம் ஒரு தடவை வீட்டுல வேற யாரையாவது கண்ணை மூடி மோந்து பார்க்கச் சொல்லுங்க, பெயிண்ட் மாதிரி, பழைய எண்ணெய் மாதிரி வாடை எதுல முதல்ல வருதுன்னு குறிச்சு வைங்க.

கறிவேப்பிலை, வெற்றிலையும் இதே முறையில போடலாம். க்ரீன் டீ சாறு இங்க சரிப்படாது, அதுல இருக்குறது தண்ணியில கரையுற சமாச்சாரம், எண்ணெயில சேராது. ஒண்ணை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க: பச்சை இலையையோ பூண்டையோ அப்படியே எண்ணெயில ஊறப்போட்டு வெளிய வைக்கிறது. ஈரம் இருந்து காத்து இல்லாத இடத்துல பொட்டுலினம் கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

வித்து பார்க்கலாம்னு நினைக்கிறவங்க மோந்து பார்த்து எக்ஸ்பைரி தேதி போடக்கூடாது. இலை போட்டது, போடாதது ரெண்டு சாம்பிளையும் லேப்ல கொடுத்து பெராக்சைடு வேல்யூ, அதாவது கொழுப்பு எவ்வளவு ஆக்ஸிஜனோட சேர்ந்து கெட ஆரம்பிச்சிருக்குன்னு காட்டுற அளவு, எடுங்க, கொஞ்ச நாள் விட்டு அதே டப்பாவுல இருந்து மறுபடி எடுங்க, எது மெதுவா ஏறுதுன்னு நம்பர்லயே தெரிஞ்சுடும்.