என்ஹெச்எல் டிவிஷன்களைப் புரிந்துகொள்வது எப்படி?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் புள்ளிப் பட்டியலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 32 அணி, இரண்டு கான்ஃபரன்ஸ் (பெரும் பிரிவு), அவற்றுக்குள் நாலு டிவிஷன் (உட்பிரிவு). யார் ஏன் எங்கே என்று பிடிபட்டுவிட்டால் மற்றது சுலபம்.

படி 1: நேர மண்டலக் கோடு போட்ட வட அமெரிக்க வரைபடம் ஒன்றை எடுங்கள். மாநில எல்லை மட்டும் உள்ள படம் இதற்கு உதவாது. கிழக்கு நேரத்தில் இருக்கும் அணிகளை எண்ணினால் சரியாக 16 வரும். அதுதான் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ். மிச்சம் 16 வெஸ்டர்ன்.

2013-க்கு முன் இது இப்படிப் பொருந்தவில்லை. டெட்ராய்ட்டும் கொலம்பஸும் கிழக்கு நேரத்தில் இருந்துகொண்டே வெஸ்டர்னில் ஆடின. லாஸ் ஏஞ்சலஸில் மாலை 7:30-க்குத் தொடங்கும் ஆட்டம் டெட்ராய்ட் ரசிகருக்கு இரவு 10:30. பள்ளிக்குப் போகிற பிள்ளை எப்படிப் பார்க்கும்? வின்னிபெக் கதை இன்னும் மோசம். 2011-ல் அட்லாண்டா அணி அங்கே குடிபெயர்ந்த பிறகும் இரண்டு சீசன் சவுத்ஈஸ்ட் டிவிஷனிலேயே, ஃபுளோரிடா அணிகளோடு ஆடியது. 2013-ல் எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார்கள்.

படி 2: வெஸ்டர்னைப் பிரியுங்கள். பசிபிக் நேரத்தில் ஆறு அணி, மத்திய நேரத்தில் ஆறு. நடுவே மலை நேரத்தில் நாலு: கால்கரி, எட்மன்டன் இரண்டும் பசிபிக் டிவிஷனுக்கு; கொலராடோ, யூட்டா இரண்டும் சென்ட்ரலுக்கு.

படி 3: ஈஸ்டர்ன். இங்கே வரைபடத்தை மடித்து வைத்துவிடுங்கள். டாம்பா பே, ஃபுளோரிடா இரண்டும் தெற்குக் கோடியில் இருந்தாலும் டொரன்டோ, மான்ட்ரியல், ஒட்டாவா, பாஸ்டன், பஃபலோ, டெட்ராய்ட்டுடன் அட்லான்டிக் டிவிஷனில் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் கரோலினாவோ ஈஸ்டர்னின் இன்னொரு டிவிஷனான மெட்ரோபாலிட்டனில். காரணம் பழைய பகை. நியூயார்க்கின் இரண்டு அணிகள், நியூ ஜெர்சி, பிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க், வாஷிங்டன் ஆகியவற்றைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. கனடா அணிகளையும் பாஸ்டனையும் பிரிப்பதும் அப்படித்தான். தூரத்தைவிடப் போட்டி பெரிதென்று முடிவெடுத்தது சரியே என்பது என் கருத்து.

படி 4: அதிகாரப்பூர்வ தளத்தில் பட்டியலை 'வைல்டு கார்டு' முறையில் பாருங்கள். டிவிஷன் முறையில் பார்த்தால் பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) நிலவரம் முழுதாகத் தெரியாது. ஒவ்வொரு டிவிஷனிலும் முதல் மூன்று அணிகள் நேராகத் தகுதி பெறும். கான்ஃபரன்ஸுக்கு மேலும் இரண்டு அணிகள் வைல்டு கார்டாக வரும்.

பின்சேர்க்கை: நான்காம் இடத்துக்கு வந்த அணி எப்படி அடுத்த டிவிஷன் அணியோடு மோதுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வைல்டு கார்டுக்கு டிவிஷன் எல்லை கிடையாது. கான்ஃபரன்ஸில் அதிகப் புள்ளி எடுத்த டிவிஷன் முதல்வருக்குக் கடைசி வைல்டு கார்டு. மற்ற முதல்வருக்கு இன்னொன்று. 2016-ல் சென்ட்ரலைச் சேர்ந்த நாஷ்வில் இப்படித்தான் பசிபிக் முதல்வரான அனாஹைமைச் சந்தித்து, ஏழாவது ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது.