ஆம்பளப் புள்ள அழலாமா, பொம்பளப் புள்ள ஓடலாமா: இந்தப் பேச்சை வீட்ல எப்படி நிறுத்துறது

ஸ்கூல் சேத்ததுக்கு அப்புறம் இதெல்லாம் பாத்துக்கலாம்னு விட்றாதீங்க, லேட் ஆயிடும். 2017ல சயின்ஸ் இதழ்ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு, அதுல அஞ்சு வயசுப் பொண்ணுங்க ரொம்ப புத்திசாலி யாருன்னு கேட்டா பசங்க அளவுக்கே தன் பாலினத்தைக் கை காட்டுனாங்க, ஆனா ஆறு, ஏழு வயசுல அது குறைஞ்சிடுச்சு, ரொம்ப புத்திசாலிங்களுக்கான கேம்னு சொன்னா அதுல ஆர்வமும் குறைஞ்சுது. ஒரே வருஷ வித்தியாசம்!

முதல்ல நம்ம கண்ணை சரி பண்ணணும். 11 மாசக் குழந்தைங்க சாய்வுப் பலகையில தவழ்றதை வச்சு 2000ல ஒரு ஆய்வு பண்ணாங்க, பையனும் பொண்ணும் ஒரே மாதிரிதான் தவழ்ந்துச்சுங்க, ஆனா பையனோட அம்மாங்க அவனால முடியுறதை விட ஜாஸ்தியா சொன்னாங்க, பொண்ணோட அம்மாங்க கம்மியா சொன்னாங்க. அதனால பார்க்ல சறுக்குமரம் ஏறும்போது "பாத்து பாத்து, விழுந்துருவ"ன்னு யார்கிட்ட அதிகமா சொல்றோம்னு ஒரு வாரம் கவனிங்க.

அடுத்தது அழுகை, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். 1976ல ஒரு ஆய்வுல ஒரு குழந்தை அழுற வீடியோவைப் போட்டு, அது பையன்னு சொன்னா பாத்தவங்க கோவப்படுதுன்னாங்க, பொண்ணுன்னு சொன்னா பயப்படுதுன்னாங்க, வீடியோ ஒண்ணுதான். இப்படியே வளந்தா பையனுக்கு பயம்னு சொல்லவே வராது, எல்லாம் கோவமா வெளிய வரும், பொண்ணுக்கு நியாயமான கோவம் வந்தாலும் தான் ஏதோ தப்பு பண்ற மாதிரி தோணும். அதனால பையன் அழுதா "பொட்டச்சி மாதிரி அழாத"ன்னு சொல்லாம, பக்கத்துல உக்காந்து "பயமா இருக்காடா, வலிக்குதா"ன்னு கேளுங்க, பொண்ணு முகத்தைத் தூக்கி வச்சிருந்தா "கோவமா இருக்கியா, எதுக்குன்னு சொல்லு"ன்னு கேளுங்க, சொல்லி முடிக்கிற வரைக்கும் சமாதானப்படுத்தாதீங்க.

வீட்டு வேலைக்கு பேச்சு உதவாது, அப்பா செய்றதைப் பாக்கணும். 2019 இந்திய நேரப் பயன்பாட்டு சர்வேல தங்க வீட்டு வேலையைச் செய்றவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம், குழந்தைங்க தினம் பாக்குறது இதைத்தான். தட்டு கழுவுறது, துணி மடிக்கிறது, கடைக்குப் போறது எல்லாத்தையும் வயசைப் பாத்து பிரிங்க, வாராவாரம் மாத்துங்க.

பொம்மைக்கு ரொம்ப மண்டைய உடைக்க வேணாம், சொப்பு சாமானும் காரும் ஒரே பெட்டியில கிடக்கட்டும்.

பெரியவங்க "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு"ன்னு ஆரம்பிச்சா குழந்தை முன்னாடி சண்டை வேணாம், ஆனா சும்மாவும் இருக்காதீங்க, ஏன்னா நம்ம அமைதியை குழந்தை சம்மதம்னு எடுத்துக்கும். "அத்தை, அவ சாப்பிடட்டும், இன்னைக்கு தம்பி தண்ணி எடுத்து வைப்பான்"னு அப்பவே சொல்லிடுங்க, அதையே மருமக சொல்றதை விட குழந்தையோட அப்பா தன் அம்மாகிட்ட சொன்னா இன்னும் நல்லா எடுபடும்.