சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா? எங்கிருந்து பார்ப்பது

பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வந்து வண்டியை நிறுத்தினால் ஃபேன் ஐந்தாறு நிமிடம் ஓடலாம். இன்ஜின் நின்றதும் வாட்டர் பம்ப்பும் பெரும்பாலும் நின்றுவிடும். தேங்கிய கூலன்ட்டின் சூடு இன்னும் சில டிகிரி ஏறும். அதைத் தணிக்கவே பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேனுக்கு கரன்ட் போகிறது. பிஎஸ்6 டீசலில், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினாலும் ஃபேன் பலமாக ஓடும். இதற்கெல்லாம் மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

கால் மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஓடுகிறது என்றால்தான் கோளாறு. முழு வேகத்தில் ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சிறிய காரின் 35 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். பானெட்டைத் திறந்ததும் கையையும் தொங்கும் துணியையும் ஃபேனிடமிருந்து விலக்கி வையுங்கள். சாவி கையில் இருந்தாலும் அது திடீரென்று சுற்றும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது சோதனையைத் தொடங்குங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து ஃபேன் ரிலேயை (ஃபேனுக்கு கரன்ட்டை விடும், நிறுத்தும் மின் சுவிட்ச்) பிடுங்குங்கள். ஃபேன் நிற்கவில்லையா? இரண்டு வேகம் உள்ள வண்டியில் இரண்டாவது ரிலே இருக்கும், அதையும் எடுங்கள். அப்போதும் சுற்றினால் ஃபேன் கூட்டில் பொருத்திய கன்ட்ரோல் மாட்யூல் போயிருக்கும், அல்லது ரிலேக்குப் பின்னால் உள்ள வயர் எங்கோ பாசிட்டிவ் வயரோடு ஒட்டியிருக்கும்.

ரிலேயை எடுத்ததும் நின்றுவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். தனியே இருக்கும் சாதாரண ரிலேயில் 30, 87 என்று எண்ணிட்ட கால்களுக்கு இடையே தொடர்பு இருக்கவே கூடாது. பீப் சத்தம் வந்தால் உள்ளே கான்டாக்ட் உருகி ஒட்டிவிட்டது. ரிலேயின் சுருளுக்கான 85, 86 கால்களுக்கு இடையே பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் காட்டும். மீட்டர் இல்லாவிட்டால் அதே பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

ஜே.சி. ரோட்டில் புது ரிலே வாங்கும்போது கால் அமைப்பு மட்டும் பொருந்தினால் போதாது. பழையதில் 40 ஆம்பியர் என்றிருந்தால் 40தான் வேண்டும். புது ரிலேயும் விரைவில் ஒட்டிக்கொண்டால் குற்றவாளி மோட்டார். புஷ் தேய்ந்து இறுகிய மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும், கான்டாக்ட்டில் பொறி பறக்கும், கடைசியில் உருகும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். தட்டுத்தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். டிசி கிளாம்ப் மீட்டரில் கரன்ட்டையும் அளந்துவிட்டால் சந்தேகமே இருக்காது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வெள்ளம் புகுந்த வண்டியானால் முதலில் ரிலே சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிலே நல்லதாக இருந்தால் அதை இயக்கும் பக்கம் கோளாறு. பழைய வண்டிகளில் ரேடியேட்டரில், சூடேறினால் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்ச் இருக்கும். அதன் பிளக்கை எடுத்ததும் ஃபேன் நின்றால் சுவிட்ச்தான் ஒட்டியிருக்கிறது. நிற்காவிட்டால் அந்த வயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது. இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபேனை இயக்கும் வண்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே கூலன்ட் சென்சார் பிளக்கை எடுத்தால், இக்னிஷன் ஆனில் இசியு பாதுகாப்புக்காகத் தானே ஃபேனை ஓட்டிவிடும். அதற்குப் பதில் ஓபிடி ஸ்கேனரை (இசியு தரும் அளவீடுகளைப் படிக்கும் கருவி) போட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பாருங்கள்: கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் சென்சார் வயர் அறுந்திருக்கலாம்.

நிஜமாகவே சூடு அதிகம் என்றால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு), ரேடியேட்டர் ஃபின்களில் அடைத்த தூசி ஆகியவற்றைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் விடாதீர்கள். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத மூடியால் கூலன்ட்டும் சீக்கிரம் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். குறைந்ததை போர்வெல் தண்ணீரால் நிரப்பினால் உள்ளே உப்புப் படியும், பாதி அடைத்த ரேடியேட்டருக்கு ஃபேன் எவ்வளவு ஓடினாலும் போதாது. கலந்தே வரும் கூலன்ட் ஊற்றுங்கள்.

கராஜுக்குப் போகும்வரை பேட்டரியைக் காப்பாற்ற, வண்டி நிற்கும் நேரத்தில் ரிலேயைக் கழற்றி வைக்கலாம். ஓட்டும் முன் மறக்காமல் திரும்பப் போடுங்கள்; ஃபேன் இல்லாமல் நெரிசலில் மாட்டினால் ஹெட் கேஸ்கட் செலவு வந்து சேரும்.