பெயரில்லாத குறிப்பேடு

எங்கள் அச்சகத்தில் முன்பெல்லாம் பிழை நேர்ந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீணான தாள்கள் கழிவுக் கட்டுக்குள் மறைந்துவிடும், அதே பிழை மீண்டும் வரும். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தம் தவறுகளை நாசா நடத்தும் அமைப்புக்கு எழுதி அனுப்புவதும், பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்ட பின்னரே அவை பிறர் பார்வைக்கு வைக்கப்படுவதும் எனக்கு வழிகாட்டின. பெயர் எழுதத் தேவையில்லாத குறிப்பேடு ஒன்றை வெட்டும் இயந்திரத்தின் அருகே வைத்ததோடு, பிழைக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் வழக்கத்தையும் நிறுத்தினேன். இரண்டாவதே முக்கியமானது என்று உறுதியாக நம்புகிறேன். பக்க வரிசை மாறியிருந்ததை மடிக்கும்போதே கண்டும் அச்சத்தால் சொல்லவில்லை என்பதே முதலில் வந்த குறிப்பு. இப்போதெல்லாம் அச்சாகி வரும் முதல் தாளை மடித்து, பக்க வரிசையை இருவர் சரிபார்த்த பின்னரே மீதித் தாள்கள் அச்சேறுகின்றன.