பிளாக்செயின் வாக்குப்பதிவு: வாக்கு ரகசியத்தைக் குலைக்கும் தவறுகள்

பதிந்ததை யாராலும் திருத்த முடியாது என்பதையும், பதிந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது என்பதையும் ஒன்றாகக் கருதுவதே, தேர்தலுக்கு பிளாக்செயினைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் மின்னணுப் பேரேடு. அந்தப் பேரேட்டின் நகல் பலரிடம் இருப்பதால்தான் அதைத் திருத்துவது அரிதாகிறது. அதே காரணத்தால் அதில் ஏறிய வாக்கும் பலர் கையில் இருக்கிறது. ஆகவே, ரகசியம் காக்கும் பொறுப்பு முழுவதும், திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் குறியாக்கத்தின் தலையில்தான் விழுகிறது.

அந்தக் குறியாக்கத்திலேயே கோட்டை விட்டதற்கு மாஸ்கோ சான்று. 2019 செப்டம்பரில் நடந்த நகர மன்றத் தேர்தலில் பிளாக்செயின் சேர்ந்த இணையவழி வாக்குப்பதிவுக்கு ஏற்பாடு செய்து, அதன் நிரலை முன்கூட்டியே வெளியிட்டிருந்தார்கள். அதைச் சோதித்த பிரெஞ்சு ஆய்வாளர் பியெரிக் கோத்ரி, திறவுகோல்களாகப் பயன்படும் எண்களின் நீளம் 256 பிட்டுக்கும் (இரும இலக்கங்களுக்கும்) குறைவாக இருப்பதால், சாதாரணக் கணினியில் இலவச மென்பொருளைக் கொண்டே அவற்றைச் சுமார் 20 நிமிடங்களில் உடைத்துவிடலாம் என்று ஆகஸ்டில் காட்டினார். வாக்கை மூன்று அடுக்காகப் பூட்டியிருந்தும் பயனில்லை. ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே உடையக்கூடியதாக இருந்தது. பிறகு திறவுகோலின் நீளம் 1024 பிட்டாக உயர்த்தப்பட்டது. நிரலை மறைத்து வைத்திருந்தால் இந்த ஓட்டை தேர்தலுக்கு முன் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. காகித வாக்குச்சீட்டை உரிய காலம் கழித்து அழித்துவிடலாம். பலரிடம் பரவிய பேரேட்டை அழிக்க இயலாது என்பதால், பல ஆண்டுகள் கழித்து உடையும் குறியாக்கமும் இன்றைய வாக்காளரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடையாள எண்ணை ஹேஷ் செய்தால், அதாவது நேரடியாகத் திருப்பிப் பெற முடியாத குறியீடாகக் கணக்கிட்டு மாற்றினால், ஆள் மறைந்துவிடுவார் என்று நம்புவதும் தவறுதான். ரஷ்ய உள்நாட்டு பாஸ்போர்ட் எண்ணுக்குப் பத்தே இலக்கங்கள்; மொத்தம் 1,000 கோடி சேர்க்கைகளுக்கும் ஹேஷ் கணக்கிட்டு ஒப்பிடுவது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையல்ல. ரஷ்யாவின் 2020 அரசியலமைப்புத் திருத்த வாக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் எண்கள் இப்படி ஹேஷ் வடிவில் கசிந்ததை மெடூசா என்ற ரஷ்ய மொழி இணைய இதழ் வெளிக்கொணர்ந்தது.

வாக்காளர் தம் வாக்கைச் சரிபார்க்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதையே மெய்ப்பிக்கும் ரசீதைக் கொடுப்பதை நான் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன். பணம் கொடுத்தவரும் மிரட்டும் முதலாளியும் கேட்பது அதைத்தான். வாக்கு மாறாமல் பெட்டியில் சேர்ந்தது என்பதை மட்டுமே ரசீது காட்ட வேண்டும். எண்ணிக்கைக்கான திறவுகோலை ஒரே அலுவலகத்திடம் ஒப்படைக்காமல், போட்டியிடும் தரப்பினரிடையே பங்குகளாகப் பிரித்துக் கொடுத்து, தனி வாக்கைத் திறக்காமலே கூட்டுத்தொகையை மட்டும் வெளிப்படுத்தும் முறைகள் உள்ளன. அவற்றுக்கு பிளாக்செயின் தேவையே இல்லை.