மீன் முட்டைக்குள் நடக்கும் கலக்கூட்டம்: பார்ப்பது எப்படி?

ஒரு திலாப்பியாவை, இரணைமடுக் குளத்தில் பிடித்ததாக இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விலாவில் ஒரு கோடு ஓடி, இடையில் முறிந்து, கொஞ்சம் கீழே இறங்கி வால்வரை போகும். தண்ணீரின் அசைவை மீன் அறிவது இந்தப் பக்கக்கோட்டால்தான். இது முட்டைக்குள் வளரும் முளையத்தில் எப்படி உருவாகிறது என்று பார்க்கத் திலாப்பியா சரிவராது, அது முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். முளையம் கண்ணாடி மாதிரித் தெரியும் சீப்ரா டானியோ என்ற சின்ன மீன்தான் வேண்டும்.

முதலில் தொட்டியின் அடியில் போளைகளைப் பரப்பிவிட்டு, பின்னேரம் ஆணும் பெண்ணுமாக விடுங்கள். விடிந்ததும் முட்டையிடும். போளை இல்லையென்றால் தாங்களே தின்றுவிடும்! முட்டைகளைக் குளோரின் இல்லாத தண்ணீரில் நிழலான இடத்தில் வையுங்கள், 28.5 பாகை செல்சியஸ்தான் அளவு. சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த என் முதல் தட்டு முழுக்கச் செத்து வெள்ளையாய்ப் போனது. வெள்ளையானவற்றை உடனே எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் நுணுக்குக்காட்டியில் வாலும் கண்ணும் தெளிவாகத் தெரியும். சுமார் நூறு கலங்கள் (செல்கள்) கொண்ட ஒரு கூட்டம் அப்போது காதுக்குப் பின்னாலிருந்து வாலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும், போகிற வழியில் உணர்கலக் கொத்துகளை இறக்கிவிட்டபடி. அந்தக் கொத்துகள்தான் பக்கக்கோடாகும். சாதாரண நுணுக்குக்காட்டியில் அது பிடிபடாது. ஜீன் வேலை செய்யும் இடத்தை நீலமாகக் காட்டும் சாயமிட்ட ஆய்வுகூடப் படங்கள்தான் இனித் துணை.

படத்தைப் படிக்கும்போது எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. சிஎக்ஸ்சிஎல்12ஏ என்ற கீமோகைன், அதாவது கலங்களை நகரவைக்கும் சைகைப் புரதம், விலாவின் நடுவே ஒரே கோடாக, தலையிலிருந்து வால்வரை இருக்கும். அதைப் பார்த்ததும் வால்பக்கம்தான் கூடுதலாக இருக்கும், அதுதான் கூட்டத்தை இழுக்கிறது என்று நினைப்போம். அப்படியில்லை. கோடு வழியைக் காட்டுகிறதே தவிர திசையை அல்ல. கோடு அறுந்த முளையங்களில் கூட்டம் சிலவேளை திரும்பித் தலைப்பக்கமே நடந்ததை 2006இல் கண்டார்கள்.

அப்போ திசை எங்கிருந்து வருகிறது? இனிக் கோட்டை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் சிஎக்ஸ்சிஆர்4பி என்ற வாங்கி (கீமோகைன் வந்து ஒட்டும் புரதம்) கூடுதலாக இருக்கும், அது கீமோகைனை உணர்ந்து நகரவைக்கும். பின்பக்கத்தில் சிஎக்ஸ்சிஆர்7பி என்ற இன்னொரு வாங்கி இருக்கும், அது கீமோகைனை உள்ளே இழுத்து அழித்துவிடும். அறுவடை முடிந்த வயலில் மாட்டு மந்தை போவதை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் நிற்பவை மேய்ந்து தீர்ப்பதால் தீனி முன்னால்தான் மிஞ்சும், மந்தையும் அந்தப் பக்கமே நகரும். இந்த உள்ளிழுப்பை 2013இல் உயிருள்ள முளையத்திலேயே அளந்து காட்டினார்கள்.

மூக்கு உருவாகும் இடத்திலும் 12ஏ, 4பி சோடிக்கு வேலை உண்டு. ஆனால் அங்கே நகர்வு குறுகியது, முதலில் பக்கக்கோட்டிலேயே கண் பழகட்டும்.