பிள்ளையிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள்

என் தங்கை மகனுக்கு அப்போது 16 வயது. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி, அறைக்குள்ளேயே கிடந்தவன், ஒருநாள் இரவு செத்துப்போய்விடுவேன் என்றான். விடிந்ததும் அம்பாசமுத்திரத்தில் காரில் ஏற்றும்போது, "திருச்செந்தூர் போய்விட்டு வருவோம்" என்று அவனிடம் சொன்னது தாய்மாமனாகிய நான்தான். கடலில் குளிக்க அவனே துண்டு எடுத்துக்கொண்டான். பாளையங்கோட்டையில் கார் ஒரு மருத்துவமனைக்குள் திரும்பியதும் மடியிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. பத்து நாள் உள்ளிருப்புச் சிகிச்சையில் முதல் நான்கு நாள் யாரோடும் பேசவில்லை, டாக்டரோடும்கூட.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உன் உயிரை நினைத்துப் பயமாக இருக்கிறது. டாக்டரைப் பார்ப்போம். தங்க வேண்டி வந்தால் அம்மா கூடவே இருப்பாள்." இவ்வளவு போதும்.

அம்மா கூட இருப்பது வெறும் ஆறுதல் அல்ல, சட்டம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரைச் சேர்த்தால் பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ முழுநேரமும் உடன் இருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்கவைக்கக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் உரிமையைக் காக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். "விட்டுவிட்டுப் போங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். சங்கிலியால் கட்டுவதையும் இந்தச் சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் (நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அல்ல, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி) மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள்.

கோயில் கொடைவிழா முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று நாள் கடத்துவது இன்னொரு தவறு. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாகப் போகிறேன் என்று சொன்ன பிள்ளையை அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு.

"பத்து நாள் இருந்தும் பழையபடி ஆகவில்லையே" என்று தங்கை அழுதாள். இந்தக் குறுகிய தங்கல் உயிராபத்தைத் தணிக்கவும், என்ன நோய் என்று கண்டறியவும், மருந்தைத் தொடங்கவும்தான். மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இது தெரியாமல் மாத்திரையை நடுவில் நிறுத்துகிறவர்கள் அதிகம்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. ஆனால் நாமோ ஆபத்து தாண்டிவிட்டது என்று அப்போதுதான் அசந்துவிடுகிறோம். உறவினர் கூட்டம் கூட்டமாக வந்து "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்க விடாதீர்கள். மாத்திரை அட்டையைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். வயலுக்கும் வாழைக்கும் அடிக்கிற பூச்சிமருந்து நம் ஊர்ப்பக்கம் திண்ணையிலும் மாட்டுத்தொழுவத்திலும் கிடக்கும். அவன் வருவதற்கு முந்தின நாளே தங்கை வீட்டில் இருந்த அத்தனையையும் சாக்கில் கட்டி என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்றும் பூட்டிய அறையில்தான் இருக்கிறது, சாவி என்னிடம்.